இணையமில்லா முன்னோட்ட சர்வருக்கு வைல்ட்கார்டு டிஎன்எஸ்: வேலை செய்த அமைப்பும் இடையில் தடுக்கிய இடங்களும்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு மாடி அறையில், இணைய இணைப்பே இல்லாமல், எங்கள் முன்னோட்ட சர்வர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கினால் போதும். அதே பெயரில் ஒரு முகவரி தானாகப் பிறக்கிறது. அறையில் இருக்கும் எந்தக் கைபேசியிலும் மடிக்கணினியிலும் அது திறக்கிறது. இந்த இடத்துக்கு வர நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது. பெயரைக் கேட்டால் அதற்குரிய எண் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். ஒரு பெயரின் கீழ் வரும் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே பதிலைச் சொல்ல வைப்பது வைல்ட்கார்டு. அது ஒரே வரிதான். மீதி உழைப்பு முழுவதும் வேறிடத்தில் போனது: கேள்வி எதுவும் அறையை விட்டு வெளியே போய் பதிலுக்காகக் காத்து நிற்காமல் பார்த்துக்கொள்வது.

நகரின் ஓரங்களில் கட்டடத் தொழிலாளர் குடியிருப்புகளில் நடக்கும் மாலை வகுப்புகளுக்குத் தமிழ்ப் பாடங்களும் கதைகளும் தயாரித்துக் கொடுக்கிறோம். அங்கே இணையம் கிடையாது. எல்லாவற்றையும் டேப்லட்டில் ஏற்றித்தான் அனுப்புகிறோம். இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா, ஸ்டோரிவீவரிலிருந்து திறந்த உரிமத்தில் எடுத்த படக்கதைகள், நாங்களே எழுதும் பயிற்சிகள் என்று பலவகை உண்டு. ஏற்றுமுன் மெய்ப்புப் பார்க்கிறவர்கள் அவற்றை உலாவியில் திறந்து படித்தாக வேண்டும்.

ஒரே முகவரியின் கீழ், ஒவ்வொரு தொகுப்பையும் ஒரு துணைப்பாதையாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். அப்படித்தான் தொடங்கினோம். சில தொகுப்புகளில் படங்களின் பாதை மூலக் கோப்புறையிலிருந்து தொடங்குகிறது. துணைப்பாதைக்குள் வைத்ததும் படங்கள் காணாமல் போயின. அதைவிடப் பெரிய தொல்லை, பயிற்சிகளில் குழந்தை எதுவரை முடித்தது என்பதை உலாவி தன்னிடமே சேமித்துவைக்கிறது. முகவரி ஒன்றே என்பதால் ஒரு பயிற்சியின் சேமிப்பு இன்னொன்றின் மேல் எழுதிவிட்டது. தொகுப்புக்கு ஒரு பெயர் என்று பிரித்தால் இரண்டுமே தீரும். ஆனால் தொகுப்புகள் வாரந்தோறும் மாறுகின்றன. ஒவ்வொரு கருவியிலும், பெயருக்கு முகவரி எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கோப்பில் 'எந்தப் பெயரும்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறியும் செல்லாது. கைபேசியில் அதைத் தொடவே வழியில்லை.

முதலில் '.லோக்கல்' என்று முடியும் பெயர்களைப் பயன்படுத்தினேன். ஆண்ட்ராய்டில் சில நேரம் திறந்தது. லினக்ஸ் மடிக்கணினியில் திறக்கவே இல்லை. சர்வர் இல்லாமல் கருவிகளே ஒன்றையொன்று பெயர் கேட்டுக்கொள்ளும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கென ஒதுக்கப்பட்டது அந்த ஈறு. பல லினக்ஸ் பதிப்புகளில் அப்படிப்பட்ட பெயர்கள் டிஎன்எஸ் சர்வரைத் தேடிப் போகாமலே நின்றுவிடும். வீட்டு வலைப்பின்னல்களுக்கென்றே 2018இல் ஆர்எஃப்சி 8375 என்ற இணையத் தரநிலை ஆவணம் ஒதுக்கிய 'ஹோம்.ஆர்பா' என்ற ஈறு இருக்கிறது. அதற்கு மாறி, 'முன்.ஹோம்.ஆர்பா' என்பதை அடிப்படைப் பெயராக வைத்துக்கொண்டேன். 2024இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு '.இன்டர்னல்' என்பதையும் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கியிருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையும் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்து நாமே ஓர் ஈற்றைக் கற்பித்துக்கொள்வது மட்டும் வேண்டாம். உள்ளூர்ச் சோதனைக்குப் பலரும் பயன்படுத்திவந்த '.டெவ்' என்ற ஈற்றுக்கு 2017 இறுதியில் குரோம் உலாவி எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கியபோது அவர்களின் அமைப்புகளெல்லாம் ஒரே நாளில் முடங்கின.

பழைய சர்வர் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி. டெபியன் 11ஐ ஒட்டிய இயங்குதளம், மெமரி கார்டில். மின்சாரம் பொசுக்கென்று போய்ப் போய் வந்ததில் கார்டு படிக்க முடியாமல் போய்விட்டது. அமைப்புக் கோப்புகளின் நகல் தனியே இருந்ததால் இழப்பு பெரிதில்லை. எஸ்பி ரோட்டில் பழைய கணினிகள் விற்கும் கடையில் ஒரு மினி பிசி வாங்கினேன்: நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 7,200 ரூபாய். அங்கே வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடையிலேயே இயக்கச் சொல்லி, லேன் துளையில் கேபிளைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்த பெட்டியில் எரியவில்லை. கடைக்காரர் தயங்காமல் வேறொன்று கொடுத்தார். பழைய 19 வோல்ட் அடாப்டரின் முள் தளர்ந்திருக்கிறதா என்பதையும் அசைத்துப் பார்ப்பது நல்லது.

புதிய பெட்டியில் டெபியன் 12 ஏற்றினேன். வைஃபைக்கு முதலில் பெட்டியின் உள்ளிருந்த அட்டையையே ஹாட்ஸ்பாட்டாக்கிப் பார்த்தேன். நெட்வொர்க்மேனேஜர் ஹாட்ஸ்பாட்டைத் தொடங்கும்போது டிஎன்எஸ் பதில்களையும் கருவிகளுக்கான முகவரிகளையும் வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலைத் தனக்கென்று பின்னால் ஓட்டுகிறது. நான் நிறுவியிருந்த டிஎன்எஸ்மாஸ்க் டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டைக் கேட்டபோது, அது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய வழி உண்டு. நெட்வொர்க்மேனேஜரின் கோப்புறைக்குள் பகிர்வுக்கென இருக்கும் இடத்தில் நம் வரிகளை வைத்தால் போதும். ஆனால் அந்த அட்டையின் வீச்சு அடுத்த அறைவரைகூடப் போகவில்லை. விட்டுவிட்டேன்.

வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர் அந்த வேலைக்கு வந்தது. இதில் வரிசை முக்கியம். முதலில் ரவுட்டரின் உள்முகவரியை 192.168.50.2 என்று மாற்ற வேண்டும். அதன்பின், கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபியை அணைக்க வேண்டும். முதலிலேயே அணைத்துவிட்டால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குத் திரும்ப வழி தேட வேண்டியிருக்கும். சர்வரிலிருந்து வரும் கேபிள் லேன் துளை ஒன்றில் செருகப்பட வேண்டும். வெளி இணையத்துக்கான வான் துளையில் செருகினால் ரவுட்டர் தனி வலைப்பின்னல் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். சர்வர் 192.168.50.1. கைபேசிகளுக்கு 100 முதல் 180 வரையிலான எண்களை 12 மணி நேரக் கெடுவோடு டிஎன்எஸ்மாஸ்க் கொடுக்கிறது. டிஎன்எஸ் சர்வர் தானே என்பதையும் அதுவே கூடச் சொல்லிவிடுகிறது. மாதம் ஒருமுறை மென்பொருள் புதுப்பிப்புக்காக மட்டும் ரவுட்டரின் வான் துளையில் இணையத்தைச் செருகுவோம். அதனால் சர்வர் வெளியே போகும் வழியான கேட்வே 192.168.50.2 என்றும், அதன் டிஎன்எஸ் கூகுளின் 8.8.8.8 என்றும் இருந்தன. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைல்ட்கார்டு வரி இவ்வளவுதான்: 'அட்ரஸ்' என்ற சொல், சமக்குறி, இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே முன்.ஹோம்.ஆர்பா, அதன்பின் 192.168.50.1. நட்சத்திரக் குறிகூட வேண்டியதில்லை. அந்தப் பெயருக்கும் அதன் கீழ் எத்தனை அடுக்கு ஆழத்தில் வரும் பெயருக்கும் இதே பதில்தான். டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக் கட்டளையில் வாய்க்கு வந்த பெயர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் 192.168.50.1 வந்தது. பழைய ராஸ்பெரி பையில் இருந்த வரிதான், எழுத்து மாறாமல் நகலெடுத்தது. வேலை முடிந்தது என்று எண்ணி வான் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பினேன்.

மெய்ப்புப் பார்க்கும் தமிழாசிரியை மறுநாள் அழைத்தார். பணி ஓய்வு பெற்றவர். ஒரு ஒற்று மிகுந்தாலும் விடமாட்டார். "தம்பி, பக்கம் வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறது" என்றார். கைபேசியில் பார்த்தீர்களா அம்மா என்று கேட்டேன். கைபேசியில் சட்டென்று வருகிறதாம். நாங்கள் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த மடிக்கணினியில்தான் இந்தத் தாமதம்.

மடிக்கணினியின் வைஃபை அட்டைமேல் சந்தேகப்பட்டு, லேன் கேபிளில் நேரடியாக இணைத்தேன். அப்போதும் அதே தாமதம். பக்கங்களை உலாவிக்குக் கொடுக்கும் எஞ்சின்எக்ஸ் சர்வரைக் குறைசொல்லி அதன் பதிவேட்டைப் பார்த்தேன். கேட்கப்பட்ட பக்கங்களை அது நொடிப்பொழுதில் கொடுத்திருந்தது. பக்கத்தை எடுத்துப் பார்க்கும் கர்ல் கட்டளையில் பெயரைத் தேடுவதற்கு ஆன நேரத்தை மட்டும் தனியாக அச்சிடச் செய்ய முடியும். அதைச் செய்தபோதுதான் வழி திறந்தது. சில நேரம் 10 விநாடி, பெரும்பாலும் 15 விநாடி. எப்போதும் 5இன் மடங்கு. வைஃபை கோளாறாக இருந்தால் நேரம் ஏறி இறங்கும்; இப்படிப் படிக்கட்டுபோல் நிற்காது. லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி, ஒரு டிஎன்எஸ் கேள்விக்கு 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் மறுபடி கேட்கும். பதில் வராத கேள்வி ஏதோ ஒன்று இருக்கிறது.

டிஎன்எஸ்மாஸ்க்கில் எல்லாக் கேள்விகளையும் பதிவுசெய்யும் வரியைச் சேர்த்து, ஒரு பக்கத்தைத் திறந்தேன். பழைய வகையான ஐபிவி4 முகவரி கேட்கும் 'ஏ' கேள்விக்கு அந்தக் கணமே பதில். அதன் அடியிலேயே, புதிய வகையான ஐபிவி6 முகவரி கேட்கும் 'நான்கு ஏ' கேள்வி, எதிரே, 8.8.8.8க்கு அனுப்பப்பட்டது என்ற குறிப்பு. அதன்பின் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இணையம் பிடுங்கப்பட்ட ரவுட்டருக்குள் போன அந்தக் கேள்வி அங்கேயே மடிந்துவிட்டது. சற்றுக் கீழே ஓர் ஐபோனிலிருந்து வந்த, எச்டிடிபிஎஸ் இணைப்பு விவரம் கேட்கும் 65ஆம் வகைக் கேள்வியும் அதே கதியை அடைந்திருந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் ஐபிவி6 இல்லாத வலைப்பின்னலில் 'நான்கு ஏ' கேள்வியைக் கேட்காமலே விடுகின்றன. அவை வேகமாக இருந்ததன் காரணம் அதுதான்.

அப்படியானால் பழைய ராஸ்பெரி பையில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? டெபியன் 11இல் இருப்பது டிஎன்எஸ்மாஸ்க் 2.85. டெபியன் 12இல் இருப்பது அதற்குப் பிந்தையது. நடுவே 2.86இல் நடத்தை மாறியிருக்கிறது, கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். முன்பெல்லாம் 'அட்ரஸ்' வரியில் ஐபிவி4 முகவரி மட்டும் கொடுத்திருந்தால், மற்ற வகைக் கேள்விகளுக்கு 'அப்படி எதுவும் இல்லை' என்று டிஎன்எஸ்மாஸ்க்கே சொல்லிவிடும். 2.86 முதல் அவற்றை மேலிருக்கும் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. இணையம் இருக்கும் இடத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. மேலிருந்து 'இல்லை' என்ற பதில் உடனே வந்துவிடும். நான் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்ததற்கு அதுவே காரணம். வான் கேபிள் அப்போது செருகியிருந்தது.

தீர்வு இன்னொரு வரி. 'லோக்கல்' என்ற சொல், சமக்குறி, இரு சாய்கோடுகளுக்கு நடுவே அதே முன்.ஹோம்.ஆர்பா. இந்தப் பெயர்ப்பரப்பு முழுவதும் என்னுடையது, வெளியே கேட்காதே என்று அதற்குப் பொருள். கூடவே, மேலிருக்கும் டிஎன்எஸ்ஸின் முகவரி எழுதியிருக்கும் சர்வரின் ரிசால்வ் கோப்பைப் படிக்க வேண்டாம் என்று சொல்லும் 'நோ ரிசால்வ்' வரியையும் சேர்த்தேன். கைபேசிகளில் உள்ள செயலிகள் வெளியுலகப் பெயர்களை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது அவற்றுக்கு உடனடி மறுப்பு கிடைக்கிறது. புதுப்பிப்பின்போது சர்வர் மட்டும் தன் ரிசால்வ் கோப்பின் வழியே நேராக 8.8.8.8ஐக் கேட்டுக்கொள்கிறது. மாற்றியபின் பெயர் தேடும் நேரம் 0.003 விநாடி. ஆசிரியைக்குச் செய்தி அனுப்பினேன். நான்கு பக்கத் திருத்தப் பட்டியல்தான் பதிலாக வந்தது.

எஞ்சின்எக்ஸ் பக்கம் வேலை குறைவு. சர்வர் பெயரை ஒரு வடிவமாக எழுதி, முதல் புள்ளிக்கு முன்னால் வருவதைப் பிடித்து, அதே பெயருள்ள கோப்புறையை மூலமாக வைக்கச் சொன்னால் ஆயிற்று. ஆனால் வைல்ட்கார்டு எந்தப் பெயருக்கும் ஆம் என்றே சொல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓர் எழுத்தைத் தவறாக அடித்தவருக்கு டிஎன்எஸ் பிழை வராது. பக்கம் இல்லை என்னும் வெறும் 404 வரும். தொகுப்பையே யாரோ அழித்துவிட்டார்கள் என்று பதறுவார்கள். அதனால் அந்தப் பெயரில் தொகுப்பு இல்லை என்று தெளிவாகச் சொல்லி, இருக்கும் தொகுப்புகளின் பெயர்களைக் காட்டும் ஒரு பக்கத்தை வைத்தேன். எல்லோரும் அதையே இப்போது முகப்பாகப் பயன்படுத்துகிறார்கள்.

தொகுப்பின் பெயர் தமிழிலேயே இருக்கட்டுமே என்று கேட்டவரும் அந்த ஆசிரியைதான். நியாயமான கேள்வி, தமிழ்க் கதைக்கு ஆங்கில எழுத்தில் முகவரி எதற்கு? டிஎன்எஸ் தமிழ் எழுத்துகளை நேரடியாகக் கொண்டுபோவதில்லை. உலாவி அவற்றைப் பியூனிகோடாக மாற்றி, 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக அனுப்புகிறது. வைல்ட்கார்டுக்கு அதனால் எந்தச் சிரமமும் இல்லை. எஞ்சின்எக்ஸ் பிடிக்கும் பெயரும் அந்தக் கோவைதான் என்பதால், கோப்புறை அந்தப் பெயரில் இருக்க வேண்டும். ஐடிஎன்2 என்ற சிறு கட்டளை தமிழ்ப் பெயரைக் கோவையாக மாற்றித் தருகிறது. தமிழ்ப் பெயரில் கோப்புறை, அதைச் சுட்டும் இணைப்பு ஒன்று பியூனிகோடு பெயரில். இரண்டையும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் சேர்த்தே உருவாக்குகிறது.

'கௌதாரி' என்ற கதை மட்டும் சிலருக்குத் திறந்தது, சிலருக்கு அந்த 'இல்லை' பக்கம் வந்தது. திரையில் இரண்டு முகவரிகளும் அச்சு அசலாக ஒன்றுதான். பதிவேட்டில் கோவைகள் வேறுவேறாக இருந்தன. 'கௌ' என்பதை ஔகாரக் குறியாக ஒரே குறியீட்டில் அடிக்கலாம். பலர் பழக்கத்தால் 'கெ' அடித்து அதன்பின் 'ள' அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே அடித்த 'கொ'வாக இருந்தால் யூனிகோடு இயல்பாக்கமே இணைத்துவிடும். உலாவியும் அதைச் செய்கிறது. ளகரம் தனி எழுத்து என்பதால் அதை எந்த இயல்பாக்கமும் தொடாது, தொடவும் கூடாது. ஸ்கிரிப்ட்டில் ஒரு விதி சேர்த்தேன்: பெயரில் ஔகாரக் குறி இருந்தால், ளகரம் போட்ட வடிவத்துக்கும் ஓர் இணைப்பை உருவாக்கு. கதைக்குள்ளேயும் இதே பிழை இருக்குமே என்று அதற்குப் பிறகு தேடினேன். பல தொகுப்புகளில் இருந்தது. 'கெளதாரி' என்று அடித்திருந்தால், டேப்லட்டில் அந்தச் சொல்லைத் தேடும் குழந்தைக்கு அது கிடைக்காது. அவற்றையெல்லாம் திருத்தியது இந்த வேலையில் கிடைத்த பெரிய ஆதாயம்.

வாய்விட்டு வாசிக்கும் பயிற்சிகளுக்கு மைக் வேண்டும். எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்கு உலாவி மைக் தராது. எம்கேசர்ட் கருவியால், தளங்களின் அடையாளத்துக்குச் சான்றிதழ் வழங்கும் உள்ளூர்ச் சான்றிதழ் அதிகாரம் ஒன்றை உருவாக்கி, நட்சத்திரக் குறியோடு ஒரு சான்றிதழ் எடுத்தேன். இங்கேதான் டிஎன்எஸ்ஸும் சான்றிதழும் பிரிகின்றன. டிஎன்எஸ்மாஸ்க்கின் வரி எத்தனை அடுக்கானாலும் ஏற்கும். சான்றிதழின் நட்சத்திரம் ஓர் அடுக்கை மட்டுமே ஏற்கும். '3.கதை' என்று பாகங்களைக் கீழடுக்காக வைத்திருந்தோம். அவற்றையெல்லாம் 'கதை-3' என்று மாற்ற வேண்டிவந்தது. அதிகாரத்தின் ரகசியச் சாவி ஒரு பென்டிரைவில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது, சர்வரில் இல்லை. அந்தச் சாவி கையில் கிடைத்தவர் எங்கள் கருவிகளுக்கு எந்தத் தளத்தின் பெயரிலும் போலிச் சான்றிதழ் தயாரித்துவிட முடியும்.

கைபேசிகளைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்கள். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும், அங்கே முன்.ஹோம்.ஆர்பா யாருக்கும் தெரியாது. டேட்டாவை அணைத்துவிட்டு வரச் சொல்லிக் கதவருகே ஒட்டியிருக்கிறோம். தன்னார்வலர் ஒருவரின் கைபேசியில் அதற்குப் பிறகும் எதுவும் திறக்கவில்லை. 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் வெளிச் சர்வர் ஒன்றின் பெயரைக் கொடுத்து வைத்திருந்தார். 'தானியங்கி' என்று மாற்றியதும் திறந்தது.

மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் அந்தக் கணத்தில் மினி பிசி தாக்குப்பிடிக்கிறது, பழைய ரவுட்டர் மறுதொடக்கம் ஆகிறது. அதற்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று 1,350 ரூபாய். கேட்6 கேபிள்கள் 240, ஒவ்வொரு தொகுப்பின் முகவரியையும் கியூஆர் குறியாக அச்சிடும் ஒட்டுத்தாள் 180. மினி பிசியோடு சேர்த்து மொத்தம் 8,970 ரூபாய். சும்மா இருக்கும்போது மினி பிசி 11 வாட் இழுக்கிறது.

மறுபடி செய்வதானால் 'அட்ரஸ்' வரியை எழுதும் கையோடு 'லோக்கல்' வரியையும் எழுதுவேன். சோதனைகள் அனைத்தையும் வான் கேபிளைப் பிடுங்கிவிட்டே செய்வேன். ஏ, நான்கு ஏ, 65 என்ற மூன்று வகையையும் கேட்டு, பதில் வர ஒரு விநாடிக்கு மேல் ஆனால் கத்தும் ஒரு ஸ்கிரிப்ட் இப்போது சர்வரிலேயே இருக்கிறது, ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் ஓடுகிறது. இரண்டு லேன் துளை உள்ள பெட்டி கிடைத்தால் வாங்கியிருப்பேன். புதுப்பிப்புக்கான இணையத்தைத் தனித் துளையில் வைத்து, ரவுட்டரை கேட்வேயாக்கும் சுற்றுவழியைத் தவிர்த்திருக்கலாம். ஐபோன்களில் சான்றிதழை நிறுவிய பிறகு, அமைப்புகளுக்குள் போய் முழு நம்பிக்கையைத் தனியாக இயக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் படங்களோடு ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அதையும் இதே சர்வரில் ஒரு தொகுப்பாக வைக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமலே திறக்க வேண்டிய பக்கம் என்பதால் அதை மட்டும் சாதாரண எச்டிடிபியில் விடப்போகிறேன்.